தீப்பொறி எழும் தருணம்: பழைய மோட்டார் எஞ்சினில் கோளாறு காணும் முறை

மும்பை மாநகரின் அடையாளமாய் விளங்கிய கறுப்பு மஞ்சள் நிறப் பிரீமியர் பத்மினி டாக்சி, 2023ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் நகரத் தெருக்களிலிருந்து முறைப்படி விடைபெற்றது. அவ்வகையில் கடைசியாகப் பதிவு செய்யப்பெற்ற டாக்சி 2003 அக்டோபர் 29ஆம் நாள் தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. டாக்சிகளுக்கு விதிக்கப்பட்ட இருபதாண்டு வயது வரம்பு அதற்கும் நிறைவுற்றது. அதன் முன்னோடியான ஃபியட் 1100 டிலைட் வண்டியையும் சேர்த்து எண்ணினால், ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலம் ஒரே வகை எஞ்சின் அந்நகரத்து மக்களைச் சுமந்து திரிந்தது எனலாம்.

டாக்சி மறைந்தாலும் எஞ்சின் மறைந்துவிடவில்லை. அத்தகைய வண்டிகளைச் சொந்தத்தில் வைத்துப் பேணுவோர் நாட்டின் பல பகுதிகளில் உள்ளனர். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்யும் முறையை மத்திய அரசு 2021இல் வகுத்தது. பயிற்சி ஆசிரியர்களுக்கோ, இவ்வெஞ்சின் மற்றொரு காரணத்தால் மதிப்புடையது. இக்கால எஞ்சினில் தீப்பொறியின் தருணத்தை மின்னணுக் கருவி ஒன்று மறைவாக நிருணயிக்கிறது. பழைய எஞ்சினிலோ அவ்வேலை முழுவதும் கண்ணால் காணவும், கையால் தொடவும், அளவுகோலால் அளக்கவும் கூடியதாக உள்ளது. கோளாறு ஒன்றின் காரணத்தைப் படிப்படியாகத் தேடும் முறையைக் கற்பிப்பதற்கு இதனினும் ஏற்ற பாடப்பொருள் கிடைப்பது அரிது.

அண்டை அயலில் ஒரு தொழில் வரலாறு

இவ்வெஞ்சினின் வரலாறு மும்பையின் கீழ்ப்புறத்தில், சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கியதாகும். வால்சந்த் ஹீராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை குர்லாவில் அமைந்திருந்தது. இத்தாலிய நாட்டு ஃபியட் நிறுவனத்தின் அமைப்பைத் தழுவிய 1100 டிலைட் வண்டி 1964 முதல் அங்கே உருவாயிற்று. 1970களில் அது பிரீமியர் பிரசிடென்ட் என்றும், பின்னர் பத்மினி என்றும் பெயர் பெற்றது. குர்லாவுக்குத் தெற்கே, செம்பூரை அடுத்த மாஹூல் கடற்கரையில் 1954, 1955ஆம் ஆண்டுகளில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. இன்று அவை முறையே இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆகிய நிறுவனங்களின் பெயரால் அறியப்படுகின்றன. மேற்கே மாதுங்காவில், 1887இல் தோன்றி 1923இல் அங்கே குடிபெயர்ந்த விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் எஞ்சினியர்களைப் பயிற்றுவித்து வந்தது. 1997 முதல் அது வீரமாதா ஜீஜாபாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவற்றுக்கு இடையே, தாராவியிலும் குர்லாவிலும் சாலையோரப் பட்டறைகளில் வண்டிகளைப் பழுது பார்த்தவர்களோ, பெரும்பாலும் கேள்வி ஞானத்தாலும் பழக்கத்தாலும் தொழிலைக் கற்றவர்கள்.

அவர்களுடைய செவித்திறன் வியக்கத்தக்கது. எஞ்சினின் ஒலியைக் கேட்டே டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது திருப்பி, வண்டியைச் சீராக ஓடச் செய்பவர் பலர் இருந்தனர். எனினும் செவி மட்டுமே துணையாகும்போது ஏற்படும் தவறு ஒன்று உண்டு. அத்தவறு யாது, அதைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

தருணம் என்பது யாது?

பத்மினியின் எஞ்சின் நான்கு சிலிண்டர்களையும் 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவையும் உடையது. சிலிண்டரினுள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலெழும்பி அழுத்துகிறது. அப்போது பிளக்கின் முனையில் தீப்பொறி எழுகிறது. கலவை அந்தக் கணத்திலேயே முழுவதும் எரிந்துவிடுவதில்லை. தீச்சுவாலை பிளக்கின் முனையில் தோன்றிச் சிலிண்டர் முழுவதும் பரவுவதற்குச் சிறிது நேரம் ஆகிறது. எரிதலின் உச்ச அழுத்தம், பிஸ்டன் மேல் எல்லையைக் கடந்து கீழிறங்கத் தொடங்கியபின், கிராங்க் தண்டு ஏறத்தாழ 15 பாகை திரும்பியிருக்கும் நிலையில் அமையுமாயின், எஞ்சின் மிகுந்த ஆற்றலைத் தரும். ஆகவே தீப்பொறி, பிஸ்டன் மேல் எல்லையை அடைவதற்கு முன்னரே எழுந்தாக வேண்டும். இம்முன்னேற்றத்தையே தொழிலாளர் அட்வான்ஸ் என்று வழங்குகின்றனர்.

இம்முன்னேற்றம் எல்லா வேகத்திலும் ஒரே அளவாக இருத்தல் இயலாது. நிமிஷத்துக்கு 800 முறை சுழலும் எஞ்சினில், கிராங்க் தண்டு விநாடிக்கு 4,800 பாகை திரும்புகிறது. அதாவது, ஆயிரத்தில் ஒரு விநாடிக்கு 4.8 பாகை. 3,000 சுழற்சியிலோ அதே நேரத்தில் அது 18 பாகை திரும்பிவிடுகிறது. சுவாலை பரவுவதற்கு ஆயிரத்தில் இரண்டு விநாடி தேவை என்று கணக்கின் பொருட்டுக் கொண்டால், முதல் நிலையில் 9.6 பாகையும், இரண்டாம் நிலையில் 36 பாகையும் கடந்துபோகும். வேகம் கூடும்போது சிலிண்டரினுள் கலவையின் கொந்தளிப்பும் மிகுந்து எரிதல் விரைவதால், உண்மையில் தேவைப்படும் முன்னேற்றம் இக்கணக்கைவிடக் குறைவேயாகும். எனினும் வேகத்துக்கேற்ப அது வளர வேண்டும் என்பது தெளிவு. டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் வில்சுருள்களால் பிணைக்கப்பெற்ற இரண்டு சிறு எடைகள் இதற்காகவே உள்ளன. வேகம் கூடும்போது அவை வெளிப்புறம் விலகி, கேமை முன்னோக்கித் திருப்புகின்றன.

தீப்பொறி பிறக்கும் விதமும் எளியதே. டிஸ்ட்ரிபியூட்டரினுள் இரண்டு உலோக முனைகள் உள்ளன. தொழிலாளர் இவற்றைப் பாயிண்ட் என்பர். இவை மூடியிருக்கும்போது 12 வோல்ட் பாட்டரியின் மின்னோட்டம் காயிலில் பாய்கிறது. கேம் அவற்றைத் திறக்கும் கணத்தில் மின்னோட்டம் அறுந்து, காயிலின் இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் தோன்றுகிறது. ஆகவே பாயிண்ட் திறக்கும் கணமே தீப்பொறியின் கணம். இந்த ஒரு வாக்கியத்தை மறவாதிருப்பவருக்குப் பின்வரும் சோதனைகள் அனைத்தும் தாமே விளங்கும்.

முந்தினாலும் பிந்தினாலும்

தீப்பொறி அளவுக்கு மீறி முந்தினால், பிஸ்டன் மேலேறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் மிகுந்து அதை எதிர்த்துத் தள்ளுகிறது. வண்டியைக் கிளப்பும்போது எஞ்சின் பின்னோக்கி உதைப்பதும், மேம்பாலத்தில் ஏறும்போது உலோகத்தைச் சிறு சுத்தியால் தட்டுவது போன்ற ஒலி எழுவதும் இதன் அறிகுறிகள். இவ்வொலி நாக்கிங் எனப்படும். சுவாலை சென்று சேருவதற்கு முன்னரே, ஒதுங்கிய மூலையிலுள்ள கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே திடீரெனப் பற்றிக்கொள்வதால் அது விளைகிறது. அப்போது எழும் அழுத்த அலைகள் சிலிண்டருக்குள் விநாடிக்குப் பல ஆயிரம் முறை மோதி அதிர்கின்றன. நெடுநேரம் நீடித்தால் பிஸ்டனின் தலை அரிக்கப்பட்டு, துளையே விழுந்துவிடலாம்.

தீப்பொறி பிந்தினால் ஒலி ஏதும் இராது. ஆனால் எஞ்சின் சோம்பலுறும், பெட்ரோல் செலவு கூடும். எரிதல் முடிவடையுமுன்பே வெளியேற்று வால்வு திறப்பதால், கொதிக்கும் வாயு அதைச் சுட்டுப் பொசுக்கும். சைலன்சர் குழாய் மிகுதியாகச் சூடேறும், சில வேளை அதனுள் வெடிச் சத்தமும் கேட்கும்.

இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. முந்தினாலும் எஞ்சின் சூடேறும், பிந்தினாலும் சூடேறும். ஆகையால் வெப்பமானியின் முள் உயர்வது கொண்டு மட்டும் கோளாறு எத்திசையில் உள்ளது எனக் கூற இயலாது. அவ்வாறே, நாக்கிங் ஒலி கேட்ட மாத்திரத்தில் தீப்பொறியின் தருணமே குற்றவாளி என்று முடிவு செய்வதும் தவறாகும்.

ஓசை ஒன்று, காரணம் பல

இத்தவறு உலகின் சிறந்த எஞ்சினியர்களையும் ஒரு காலத்தில் மயக்கியது. அமெரிக்காவின் சார்லஸ் கெட்டெரிங் என்பார் பாட்டரியும் காயிலும் கொண்ட தீப்பொறி அமைப்பை 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேடிலாக் வண்டிக்காக உருவாக்கினார். பத்மினியில் இருப்பதும் அடிப்படையில் அதே அமைப்புதான். அவ்வமைப்பு வந்த பின்னர் எஞ்சின்களில் நாக்கிங் ஒலி கேட்கவே, பழி தீப்பொறியின்மீது விழுந்தது. கெட்டெரிங் அதை அப்படியே ஏற்கவில்லை. தம் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியுடன் 1916 முதல் ஆராய்ந்து, காரணம் எரிபொருளின் இயல்பிலேயே உள்ளது எனக் கண்டார். பெட்ரோலில் டெட்ரா எதில் ஈயத்தைச் சிறிது கலந்தால் ஒலி அடங்கும் என்பதை மிட்ஜ்லி 1921 டிசம்பரில் கண்டறிந்தார்.

ஒலி அடங்கியது உண்மையே. ஆனால் வெளியேறும் புகையில் ஈயம் கலந்து, பல தலைமுறைக் குழந்தைகளின் உடலில் நஞ்சாகச் சேர்ந்தது. இந்தியா 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோலை நாடெங்கும் நிறுத்தியது. மோட்டார் வண்டிகளுக்கு அதை விற்று வந்த கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் கைவிட்டது. தொல்லை தரும் ஓசையை அடக்கிவிட்டால் தொல்லையே தீர்ந்துவிடும் என்று எண்ணுதல் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இது பெரியதோர் எடுத்துக்காட்டு.

பட்டறையிலும் இதுவே சிறிய அளவில் நிகழ்கிறது. நாக்கிங் ஒலிக்குத் தருணம் முந்தியது மட்டுமன்றி, வேறு காரணங்களும் உண்டு. கார்புரேட்டரின் துளை அடைபட்டோ, இணைப்பில் காற்றுப் புகுந்தோ கலவை மெலிவுறலாம். சிலிண்டரின் தலையில் கரி படிந்து அழுத்தம் கூடலாம். தண்ணீர் ஓட்டம் தடைப்பட்டு எஞ்சின் சூடேறலாம். பிளக் தகாத வகையினதாக இருக்கலாம். இவற்றுள் எது காரணமாயினும், டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னோக்கித் திருப்பினால் ஒலி குறையும். வண்டிக்காரரும் மகிழ்ந்து செல்வார். கோளாறோ உள்ளேயே இருக்கும். அதனோடு தருணம் பிந்திய கோளாறும் புதிதாகச் சேர்ந்துகொள்ளும். இரண்டு மாதம் கழித்து வால்வுகள் கருகிய பின்னரே உண்மை வெளிப்படும். நாள் வருமானத்தை நம்பி வாழ்ந்த டாக்சிக்காரருக்கு எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் செலவும், அந்நாட்களில் இழந்த கூலியும் சிறியன அல்ல. உதிரிப் பாகங்கள் அருகிவிட்ட இன்று, ஒரு சிலிண்டர் தலை பாழாவது அவ்வண்டிக்கே முடிவாகவும் ஆகலாம்.

சோதனையின் வரிசை

ஆகவே கைவினையினும் வரிசையே முக்கியம். முந்திய படியை முடிக்காமல் அடுத்த படிக்குச் செல்லலாகாது. பின்வரும் வரிசை களப்பணியாளரும் ஆசிரியரும் கைக்கொள்ளத்தக்கது.

முதலாவது, கேட்டறிதல். ஒலி எப்போது எழுகிறது? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பின்னரா? ஏற்றத்திலா, சமதளத்திலா? அண்மையில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பார்த்தறிதல். பிளக்குகளை வரிசை மாறாமல் கழற்றி அவற்றின் நிறத்தை நோக்குக. வெளுத்திருப்பின் வெப்பம் மிகுதி அல்லது கலவை மெலிவு. கறுத்த கரியாயின் கலவை செறிவு. பின்னர் மின்கம்பிகள் 1, 3, 4, 2 என்ற சிலிண்டர் வரிசையில் இணைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரம் படிந்து மின்சாரம் கசிவதுண்டு. மூடியின் உட்புறத்தில் கறுத்த மெல்லிய கோடு தென்பட்டால் மூடியை மாற்ற வேண்டுமேயன்றி, தருணத்தைத் திருத்த முற்படலாகாது.

மூன்றாவது, பாயிண்ட்டின் இடைவெளி. கேமின் முனை பாயிண்ட்டை முழுவதும் திறந்திருக்கும் நிலையில், ஃபீலர் கேஜ் என்னும் தகட்டளவியால் இதனை அளக்க வேண்டும். இத்தகைய எஞ்சின்களில் இவ்விடைவெளி பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சரியான அளவு வண்டியின் கைநூலில் தரப்பட்டிருக்கும். கேமின்மீது உராயும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி குறுகும். குறுகிய பாயிண்ட் பிந்தித் திறக்கும், அகன்ற பாயிண்ட் முந்தித் திறக்கும். ஆதலால் இடைவெளியைத் திருத்தினால் தருணமும் சில பாகை மாறிவிடும். தருணத்தை முதலில் வைத்துப் பின்னர் இடைவெளியைத் திருத்துபவர், தாம் செய்த வேலையைத் தாமே அழிப்பவராவார்.

நான்காவது, எஞ்சின் ஓடாத நிலையில் தருணம் காணல். இதற்குத் தேவைப்படுவது 12 வோல்ட் பல்பு ஒன்றே. அதன் ஒரு கம்பியைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் முனையிலும், மற்றதை எஞ்சினின் உடலிலும் இணைக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கையால் அது ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்புக. பாயிண்ட் மூடியிருக்கையில் பல்பு அணைந்திருக்கும். திறக்கும் கணத்தில் ஒளிரும். அக்கணத்தில் கிராங்க் கப்பியின் குறி எங்கு நிற்கிறதோ அதுவே தருணம். குறியைத் தாண்டிவிட்டால் சற்றே பின்னிழுத்து ஒட்டவைத்தல் கூடாது. சங்கிலியிலும் பற்சக்கரங்களிலும் உள்ள தளர்வு அளவைப் பிழைபடுத்திவிடும். நன்றாகப் பின்னோக்கிச் சென்று, மீண்டும் முன்னோக்கி வர வேண்டும்.

முதல் சிலிண்டர் அழுத்த நிலையில் உள்ளது என்பதை உறுதி செய்வதும் அவசியம். பிளக் துளையின் மீது கட்டைவிரலை வைத்தால், அழுத்தம் விரலைத் தள்ளுவதால் அறியலாம். அந்நிலையில் நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் அசையும் தறுவாயில் இருக்கும் என்பது மற்றோர் அடையாளம்.

திருத்தும்போது இரண்டு குறிப்புகளை நினைவிற் கொள்க. டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை அதன் ரோட்டார் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் தருணம் முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். அன்றியும், டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க் தண்டின் பாதி வேகத்திலேயே சுழல்கிறது. ஆகவே அதனை 5 பாகை திருப்பினால் கிராங்க் கணக்கில் தருணம் 10 பாகை மாறும். சிறிது திருப்பினேன் என்பவர் பெரிதும் திருப்பிவிடுவதற்குக் காரணம் இதுவே.

ஐந்தாவது, எஞ்சின் ஓடும் நிலையில் தருணம் காணல். முதல் பிளக்கின் மின்கம்பியிலிருந்து தூண்டல் பெற்று, ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஒருமுறை மின்னும் விளக்கு இதற்கு உதவுகிறது. அவ்வொளியில் சுழலும் கப்பி அசையாது நிற்பதுபோல் தோன்றும். டிஸ்ட்ரிபியூட்டரில் வெற்றிடக் குழாய் உள்ளதாயின், அதை முதலில் கழற்றி அடைத்துவிட வேண்டும். மெதுவோட்டத்தில் குறி தன் இடத்தில் நிலையாக நிற்க வேண்டும். வேகத்தைக் கூட்டும்போது சீராக முன்னேற வேண்டும். குறி முன்னும் பின்னும் துள்ளினால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ்ஷோ, சங்கிலியோ தேய்ந்துள்ளது. வேகம் கூடியும் நகராதிருப்பின் எடைகள் துருவேறி இறுகியுள்ளன. சிறிது வேகத்திலேயே பாய்ந்து முன்னேறினால் வில்சுருள் தளர்ந்தோ ஒடிந்தோ உள்ளது.

ஆறாவது, ஓட்டிப் பார்த்தல். மேல் கியரில் குறைந்த வேகத்தில் செல்லும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினால், மிக மெல்லிய ஒலி ஒரு கணம் எழுந்து மறைவது தவறன்று. நீடித்து ஒலிப்பதே தவறு.

எரிபொருள் மாறினால்

மும்பையின் டாக்சிகள் பெரும்பான்மையும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், காற்று மாசைக் குறைக்கும் பொருட்டு நீதிமன்றம் இட்ட ஆணைகளை ஒட்டி, அழுத்தப்பட்ட இயற்கை வாயுவுக்கு மாறின. இவ்வாயு நாக்கிங்கை எதிர்ப்பதில் பெட்ரோலை விஞ்சியது. அதன் ஆக்டேன் எண் 120 அளவில் உள்ளது. சாதாரண பெட்ரோலுக்கு அது 91 என நிருணயிக்கப்பட்டிருந்தது. ஆனால் வாயுவின் சுவாலை மெதுவாகப் பரவுவது. ஆகவே அதற்குத் தீப்பொறி மேலும் சில பாகை முந்த வேண்டும். பெட்ரோலுக்கு வைத்த தருணத்திலேயே வாயுவைக் கொண்டு ஓட்டினால், எஞ்சின் பிந்திய தருணத்தின் எல்லாத் தீமைகளையும் அடையும். வாயுவுக்கென முன்வைத்த தருணத்தில் பெட்ரோலைக் கொண்டு ஓட்டினால் ஒலி எழும். இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்தியவர்கள் இடைப்பட்ட நிலை ஒன்றைக் கொண்டு நிறைவுகொள்ள நேர்ந்தது.

அண்மை ஆண்டுகளில் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எதனால் கலக்கப்படுகிறது. எதனால் நாக்கிங்கை எதிர்க்கும் இயல்புடையது. எனினும் கார்புரேட்டரின் துளைகள் மாறாதிருப்பதால் அதன் கலவை சற்று மெலிவடையும். பழைய ரப்பர்க் குழாய்கள் கெடவும் கூடும். எனவே பழைய கைநூலின் அளவைத் தொடக்கமாகக் கொண்டு, ஓட்டிப் பார்த்து உறுதி செய்வதே முறையாகும்.

வரிசையின் பயன்

இம்முறையின் பயனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். செம்பூரில் ஒருவர் வைத்துள்ள பத்மினி வண்டி பல ஆண்டுகள் இயற்கை வாயுவால் ஓடியதாகக் கொள்வோம். அவர் வாயுக் கருவியை அகற்றிப் பெட்ரோலுக்கு மீள்கிறார். மேம்பாலம் ஏறும்போது நாக்கிங் ஒலி கேட்கிறது. தாராவியில் ஒரு பட்டறைக்கு வண்டி செல்கிறது. வாயுவுக்காக முன்வைத்த தருணமே காரணம் என்று எண்ணி, மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னோக்கித் திருப்புகிறார். ஊகம் அறிவுக்குப் பொருத்தமானதே. ஒலியும் நின்றுவிடுகிறது. ஆனால் ஒரு வாரத்துக்குள் போக்குவரத்து விளக்குகளில் நிற்கும்போதெல்லாம் எஞ்சின் கொதிக்கத் தொடங்குகிறது. பெட்ரோல் செலவும் கூடுகிறது.

மறுமுறை வரிசைப்படி சோதிக்கின்றனர். பாயிண்ட்டின் இடைவெளி குறுகியுள்ளது. அதைத் திருத்திப் பல்பு கொண்டு பார்க்கையில், தருணம் கைநூலின் அளவினும் பிந்தியிருக்கிறது. அதைக் கைநூலின் அளவுக்கே கொண்டுவந்து மின்னும் விளக்கைப் பிடிக்கின்றனர். மெதுவோட்டத்தில் குறி சரியாக நிற்கிறது. வேகத்தைச் சிறிது கூட்டியதுமோ, குறி முழு முன்னேற்றத்துக்கும் பாய்ந்துவிடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்தால், இரண்டு வில்சுருள்களில் ஒன்று ஒடிந்து கிடக்கிறது. ஏற்றத்தில் எழுந்த ஒலிக்குக் காரணம் அதுவே. உடலைத் திருப்பியதால் நடுத்தர வேகத்தில் ஒலி அடங்கியது. ஆனால் மெதுவோட்டத்தில் தருணம் மிகவும் பிந்திவிட்டது. புதிய வில்சுருள் ஒன்றால் இரண்டு தொல்லைகளும் நீங்குகின்றன.

முதல் மெக்கானிக்கிடம் கைத்திறன் குறைவில்லை. பொருத்தமாகத் தோன்றிய காரணத்தை, நிரூபிக்கப்பட்ட காரணமாக அவர் கொண்டதே குறை. அளவுகோலைக் கையில் எடுக்குமுன் திருத்துக் கருவியை எடுத்துவிட்டார் என்பதே சுருக்கம்.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்கவை

ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கணக்கோடு இணைத்துக் கற்பிக்கலாம். கப்பியின் விட்டம் 140 மில்லிமீட்டர் என்று கொண்டால், சுற்றளவு 440 மில்லிமீட்டர். 360ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 1.22 மில்லிமீட்டர் ஆகிறது. பாகைக் குறிகள் அழிந்துபோன பழைய கப்பியில், மேல் எல்லைக் குறியை மட்டும் நிறுவிக்கொண்டு, காகிதப் பட்டையால் அளந்து 10 பாகையை 12.2 மில்லிமீட்டர் தொலைவில் மாணவரே குறித்துவிடலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் 3,000 சுழற்சியில் விநாடிக்கு எத்தனை தீப்பொறிகளை எழுப்பும் என்று வினவலாம். கிராங்கின் ஒரு சுற்றுக்கு இரண்டு வீதம், விநாடிக்கு நூறு என்பது விடை. அத்தனை தீப்பொறிகளையும் தேய்ந்துகொண்டே வரும் ஒரு சிறு குதிகால் அளந்து தருகிறது என்பதை உணரும் மாணவர், இடைவெளியை முதலில் சரிபார்ப்பதன் காரணத்தையும் உணர்வார்.

செயல்முறை வகுப்பில் சில எச்சரிக்கைகள் தவிர்க்கவொண்ணாதன. மின்னும் விளக்கின் ஒளியில் கப்பியும் விசிறியும் நிற்பதுபோல் தோன்றுமே தவிர, அவை முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். கையோ, உடையின் தலைப்போ, விளக்கின் கம்பியோ அவற்றை நெருங்கலாகாது. மூடிய அறையில் எஞ்சினை ஓட்டினால் மணமற்ற கார்பன் மோனாக்ஸைடு நிறைந்து உயிருக்கே ஊறு விளையும். கைப்பிடி கொண்டு எஞ்சினைக் கிளப்புபவர், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தருணம் முந்திய எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் மணிக்கட்டு முறிய நேரிடும்.

மும்பையின் டாக்சி நிலையங்களில் இன்று பத்மினி வண்டி நிற்பதில்லை. அதைப் பழுது பார்த்த கைகளிலும் பல ஓய்வு பெற்றுவிட்டன. ஆயினும் முதலில் கேட்டு, பின்னர் பார்த்து, பின்னர் அளந்து, அதன் பின்னரே திருத்துதல் என்னும் முறைக்கு வயது வரம்பு கிடையாது. நீர் இறைக்கும் எஞ்சினுக்கும் அது பொருந்தும், மின்னணுக் கருவி பூட்டிய புதிய வண்டிக்கும் பொருந்தும். ஒரு பல்பும், ஒரு தகட்டளவியும், பழைய எஞ்சின் ஒன்றும் கிடைக்கும் பள்ளியில் இப்பாடத்தை நாளையே தொடங்கலாம்.